நிறம் இறங்கிய மேஸ்திரி

சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டியைக் கவனித்துவந்த மேஸ்திரிக்கு முதலில் இடது உள்ளங்கையில் நிறம் போனது. வெளுப்பு அல்ல, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. தொட்டியில் சேற்றைப் போடும் யோசனை அவர் மனைவியுடையது. அவள் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தாள். ஆற்றுநீரில் படிகாரம் கலந்து தெளியவைத்த பின் அடியில் தங்கும் சேற்றை அங்கே லாரி லாரியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். “சும்மா போற சேறுதானே, உங்க செவப்புத் தண்ணியில போட்டுப் பாருங்களேன்” என்றாள். பட்டறையை மூடச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்த சமயம். அவர் சேற்றைக் காயவைத்துப் பொடித்துத் தொட்டியில் கொட்டினார். சாயமெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கியது. மேலே தெளிந்து நின்ற தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. பட்டறை பிழைத்தது.

சேறு இன்னும் சாயம் பிடிக்குமா என்று அவர் கையை விட்டுத்தான் பார்ப்பார். நறநறவென்று இருந்தால் ஆகும், வழவழவென்று இருந்தால் மாற்ற வேண்டும். கையுறை போட்டால் ஒரு மண்ணும் தெரியாது என்பார். அந்த வருடம் நிறம் முழங்கை வரை போனது, அடுத்த வருடம் தோள். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஊசி போடத்தான் இடம் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்.

மனைவிக்கு அதுவல்ல கவலை. கழுத்தைத் தாண்டிவிட்டால் மனுஷனை எங்கே போய்த் தேடுவது? தினமும் அவர் விழிக்குமுன் போர்வையை விலக்கி, எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பாள். வேலையை விட்டுவிடச் சொன்னாள்.

“விட்டா நம்ம வீட்டு போர்ல மறுபடி செவப்பாத்தான் வரும். பாப்பாவ அதுலயா குளிப்பாட்டுவ?”

மறுநாள் அவளே கிளம்பிப் போனாள். பட்டறையின் பின்பக்கம் குவிந்திருந்த பழைய சேற்றைக் கிளறி, சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே அவருடைய மாநிறத்தை அடையாளம் கண்டு ஒரு வாளி அள்ளிவந்தாள்.

“என்னடி இது, செவுத்துக்குப் பூசுற மாதிரி?”

“வாய மூடிட்டு நில்லுங்க.”

பூசியதெல்லாம் காய்ந்ததும் உதிர்ந்தது.

முகத்துக்கு ஏறிய அன்று அவள் விடுப்பு எடுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள். தாடை போனது, மீசை போனது. கடைசியில் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டே போயின. நாற்காலியில் சட்டை மட்டும் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். மேஜைமேல் இருந்த காப்பி டம்ளர் எழுந்து, சாய்ந்து, இறங்கியது.

“என்ன முறைக்கிற? சர்க்கரை பத்தல.”

அவள் எழுந்துபோய் டப்பாவை எடுத்துவந்தாள். “வீட்டுக்குள்ள சட்டையக் கழட்டித் தொலைக்காதீங்க, வந்து இடிச்சுக்கப்போறேன்” என்று சொல்லி, இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினாள்.