கிழக்குச் சுவரின் சாக்கடை

கணினி விளையாட்டுக் கம்பெனி ஒன்றில் சாலை போடுவதும் கோட்டை கட்டுவதும் என் வேலை. எல்லாம் திரையில்தான். ராட்சதர்கள் உலவும் உலகமே ஆனாலும் வண்டி திரும்ப வளைவு வேண்டும், மழைநீர் வடியச் சரிவு வேண்டும். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த முறை முற்றுகையில் விழும் நகரம் ஒன்று கேட்டார்கள். எனக்கு எதுவும் ஓடவில்லை. கடைசியில் நான் பிறந்த ஊரையே எடுத்துப் போட்டேன். கைக்குழந்தையாக விட்டு வந்த ஊர். அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். இத்தனை காலம் அந்த ஊரைப் பற்றி வாயே திறக்காத மனிதர், "கடைத்தெரு அவ்ளோ அகலம் இல்ல பாப்பா. எதிரெதிர வண்டி வந்தா ஒருத்தன் பின்னால போகணும்" என்று என்னைத் திருத்தினார்.

கிழக்குச் சுவரின் அடியில் சாக்கடையை வரைந்தபோது மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். போரில் ஊர் வளைக்கப்பட்டபோது என்னை முதுகில் கட்டிக்கொண்டு அதன் வழியாகத்தான் தவழ்ந்து தப்பினார். அம்மா பின்னால் வருவதாக ஏற்பாடு. அதற்குள் எதிரிப்படை சாக்கடையை அடைத்துவிட்டது.

"இதுலயாவது அவ வெளிய வரட்டும்" என்றார்.

அதனால் ஊர்மக்களில் பச்சைச் சால்வை போர்த்திய ஒருத்தியை வைத்தேன். கையைப் பிடித்தால் கூடவே வருவாள். தினமும் சாயங்காலம் வீட்டுக் கணினியில் அவளைச் சாக்கடை வழியாக வெளியே கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அந்த நாட்களில் நன்றாகவே சாப்பிட்டார்.

எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நேத்தே'. எந்த வேலையும் அவருக்கு நேற்றே முடிந்திருக்க வேண்டும். வெளியீட்டுக்கு முன் ஓட்டைகளைத் தேடித் தேடி அடைப்பது எங்கள் தொழில் வழக்கம். சாக்கடை அவர் கண்ணில் பட்டது.

"எல்லாரும் இதுல நழுவிட்டா முற்றுகைக்கு என்னங்க அர்த்தம்? அடைங்க."

"ஒரு வழியாவது இருக்கட்டும் சார்."

"ஆட்டக்காரன் தப்பிக்க வடக்குப் படி இருக்குல்ல? ஊர்சனம் சாகணும்ங்க. அப்பதான் மனசுல நிக்கும்."

மல்லுக்கு நின்றேன். எடுபடவில்லை. கம்பிக்கதவைப் போட்டது நான்தான். அந்தச் சுவரை வேறொருவர் தொடுவது பிடிக்கவில்லை. கச்சிதமாகப் பொருந்தியது, பாழாய்ப்போன கதவு.

வீட்டில் இருப்பது பழைய பிரதிதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆபீஸில் எதை மாற்றினாலும் அது தானாக வீட்டுக் கணினிக்கும் வந்துவிடும். அப்படி அமைத்துக் கொடுத்ததே நான்தான். மறந்து தொலைத்தேன்.

வீடு திரும்பியபோது அப்பா திரைமுன் இருந்தார். பச்சைச் சால்வைக்காரி கம்பிக்கு முன்னால் நின்றாள். பின்னால் கடைத்தெரு எரிந்துகொண்டிருந்தது.

"யாரு பாப்பா அடைச்சது?"

"நான்தாம்பா. அடைக்கச் சொன்னாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கு அடைச்சவனுக்கும் யாராவது சொல்லித்தான் இருப்பாங்க" என்றார்.

திரையில் சிப்பாய்கள் தெருமுனையில் திரும்பினார்கள்.

"வடக்குப் பக்கம் படி இருக்குப்பா. நீங்க ஏறலாம். ஓடுங்க!"

"அவ ஏறுவாளா?"

அப்பா தன் ஆளை அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ போய்ச் சாப்பிடு பாப்பா. இந்தத் தடவை நான் போகல."