பாதியில் நின்ற தையல்

இறந்த மகளுக்காகத் துக்கத்தில் கிழித்த உடையை ஒரு மாதம் கழிந்தபின் தைத்துக்கொள்ளலாம் என்பது யூதர்களின் சட்டம். புகாராவின் யூதத் தெருவில், ஹிஸ்கியோவின் பட்டு அங்கியை மனைவி பூலோர் மடியில் போட்டுக் கழுத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தாள். பாதியில் அவர் அவள் கையைப் பிடித்தார்.

"போதும். அதுக்குக் கீழ தைக்காதே."

"ஏங்க, பாதி மூடி பாதி திறந்தா? ஊசிக்குக்கூடச் சட்டம் போடற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அவர் சிரிக்கவில்லை. பூலோரின் ஊசி நின்றது. பெற்றோருக்காகக் கிழித்ததை என்றைக்கும் தைக்கக் கூடாது. இறைவனின் பெயரை ஒருவன் சபிக்கக் கேட்டுக் கிழித்ததையும் தைக்கக் கூடாது. ஹிஸ்கியோவின் பெற்றோர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிரசவத்தில் மகள் கண்மூடியபோது அவரோடு அறையில் இருந்தவன் மகன் இலியோவு மட்டும்தான்.

"இலியோவா? பேரைச் சொல்லியேவா?"

"பேரைச் சொல்லியே. மேல கிழிச்சது மகளுக்கு. கீழ கிழிச்சது அதுக்கு."

"அக்கா செத்த வேதனையில உளறிட்டான். நீங்க வேற அங்கியைப் போட்டுக்குங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"ஒளிச்சு வைக்கறதும் தைக்கறதும் ஒண்ணுதான். தலைமுறை தலைமுறையா இந்தத் தெருவுக்கு ஜெபம் நடத்தின வீடு இது. சட்டம் நமக்கு மட்டும் வேறயா?"

"அன்னிக்கு நானும் மனசுக்குள்ள சபிச்சேன். அதுக்கு எதைக் கிழிப்பீங்க?"

ஹிஸ்கியோ அங்கியை வாங்கி உடுத்திக்கொண்டார்.

ஜெப ஆலயத்தில் கைகொடுக்க வந்த மூத்தவர் பின்ஹாசின் பார்வை தையல் முடிந்த இடத்தில் நின்றது. அவருக்கும் சட்டம் தெரியும்; மகள் இறந்தபோது அறையில் கூட இருந்தவன் யார் என்பதும் தெரியும். கொடுக்க வந்த கையை மடக்கிக்கொண்டு இலியோவைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். பேச்சு வரிசை வரிசையாகப் போயிற்று. இலியோவின் அருகில் இருந்தவர்கள் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள்.

அவன் கவனிக்கவில்லை. அக்காவுக்கான ஜெபத்தைச் சொல்ல எழுந்தான். இறைவனின் பெயரைப் புகழும் முதல் வரியைச் சொல்லி, சபையின் ஆமெனுக்காக நிறுத்தினான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவன் அதே வரியைத் திரும்பச் சொன்னான். இந்த முறை அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். ஹிஸ்கியோவின் உதடுகள் பிரிந்தன. சபை முழுவதும் அவரைப் பார்த்தது. உதடுகள் மூடிக்கொண்டன.

மூன்றாம் முறை அவன் சொல்லவில்லை.