முப்பத்தெட்டு சைபர்

இருபத்தேழாம் நிரையில் எலி கடித்த குலைகள் மைனஸ் ஒன்றரை இருக்க வேண்டும் என்று கணினி சொன்னபோதே பாலேஸ்வரி சுதாரித்திருக்க வேண்டும். எந்த எலியும் கடித்த பழத்தை ஒட்டவைத்துவிட்டுப் போவதில்லை. ஆனால் புள்ளியியல் பட்டத்தோடு மலேசியாவில் லுக்குட் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து ஏழே மாதமானவளுக்குத் தான் கணக்குக்குப் போட்ட நேர்கோடு தப்பென்று தோன்றவில்லை. எண்ணியவள்தான் தப்பு என்று தோன்றியது.

எண்ணியவள் பெயர் பஞ்சாலை. ஒன்பது வருடம் களைக்கொல்லி மருந்தடித்து நகம் கழன்றுபோன பிறகு, போன வருடம்தான் எண்ணுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். நிரைக்கு ஓர் அட்டை என்று அவள் கொடுத்த அறுபதில் முப்பத்தெட்டு சைபர். மற்றவர்களிடம் பத்துக்கு மேல் இல்லை. 'இவருடைய அட்டைகள் நம்பத்தக்கவை அல்ல' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, பாலேஸ்வரி ஒரு வாரப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போய்விட்டாள்.

அங்கே முதல் நாள், எண்ணி வந்த கணக்குக்கு நேர்கோடு ஆகாது, அது சைபருக்குக் கீழேயும் கூசாமல் இறங்கிவிடும் என்றார் விரிவுரையாளர். சைபரில் இரண்டு வகை உண்டு, தேடிப் பார்த்தும் இல்லாதது ஒன்று, தேடாமலே போட்டது இன்னொன்று. கணக்கின் மாடல் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள், பக்கத்துப் பக்கத்து மரங்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும், அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக நினைப்பதுதான் பெரிய தவறு என்றார். பாதி சூத்திரம் அவளுக்குப் புரியவில்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் நுழைந்ததும் கணக்கெழுதும் தலைமைக் கிராணி சீவரத்தினம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவளைப் போலவே தெமியாங் ஊரில் வளர்ந்த யாழ்ப்பாண வம்சாவளி மனிதர்.

"திங்கக்கிழமையில இருந்து அந்த மனுசி திரும்ப மருந்தடிக்கப் போறா. காலைப் பெரட்டில ஆள் கூட்டிப் பேர் வாசிக்கிறதுதான் மிச்சம். மரத்துக்குக் கீழ இருந்துகொண்டு சைபர் போட்டிருக்கிறாள்."

"ஆர் சொன்னது, அங்கிள்?"

"நீர்தானே பிள்ளை எழுதித் தந்தனீர்."

பாலேஸ்வரி மேசைக்குப் போய் வரைதாளை விரித்தாள். புது மாடலில் கணக்கைத் திரும்ப ஓடவிட்டு, மாடல் சொன்னதற்கும் அட்டை சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு நிரையாகத் தோட்ட வரைபடத்தில் வண்ணப் பென்சிலால் குறித்தாள். அட்டையில் கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம். பஞ்சாலை பொய்யாகப் போட்டிருந்தால் நீலம் அவள் எண்ணிய நிரைகளின் எல்லையோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எல்லையைத் தாண்டி, பக்கத்தில் எண்ணுகிற தங்கராஜுவின் ஒன்பது நிரைகளுக்குள்ளும் ஒழுகி, வட்டமாக முடிந்தது. இருவரும் பேசி வைத்துக்கொண்டு வட்டம் போட முடியாது. பாலேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சாலை பொய் எழுதவில்லை.

வட்டத்தின் நடுவில் வரைபடத்தில் ஒன்றும் இல்லை. நட்ட பனைகளை மட்டும் காட்டுகிற வரைபடம் அது. அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பாலேஸ்வரி கிளம்பினாள். சீவரத்தினமும் விடவில்லை, வெள்ளைக் காற்சட்டையோடு மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். தொழிலாளர் லயத்திலிருந்து பஞ்சாலையை அழைத்துக்கொண்டு போனார்கள். வரைதாளை ஒரு முறை பார்த்துவிட்டு அவளே முன்னால் நடந்தாள்.

வட்டத்தின் நடுவில் காவல்சாமி முனியாண்டி கல்லாக இருந்தார். அவருக்குப் பின்னால், காடு அழித்த காலத்தில் எந்தக் குத்தகைக்காரனும் வெட்டத் துணியாத ஒரு கிழட்டு மரம். அதன் பொந்துக்குக் கீழே தரையெல்லாம் ஆந்தை கக்கிய கறுப்பு உருண்டைகள். சீவரத்தினம் ஒன்றைக் குச்சியால் உடைத்தார். மயிருக்குள்ளிருந்து எலியின் மண்டையோடு வெள்ளையாக உருண்டது. பிறகு இன்னொன்று.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள் பாலேஸ்வரி.

"தெரியும் மிஸ்," என்றாள் பஞ்சாலை. "முனியாண்டி மரத்துல ஆந்த ஒக்காந்திருக்குன்னு லயத்துல சொன்னா, சாவு வரும்னு கல்லெறிஞ்சே வெரட்டிருவாங்க லா. நம்ம கார்டுலயும் அதுக்கு ஒரு கட்டம் இல்ல."

சீவரத்தினம் சப்பாத்துக் காலைப் புல்லில் தேய்த்தார். "சரி. திங்கக்கிழமை மருந்தடிக்கிற பட்டியலில இருந்து பேரை எடுத்துவிடுறன்," என்று யாரையும் பாராமல் சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்தார்.

பஞ்சாலை அப்படியே முனியாண்டியின் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகங்கள் இப்போதுதான் பாதி முளைத்திருந்தன.

"தப்பு என்னோடதுதான். நான்தான் எழுதினேன்," என்றாள் பாலேஸ்வரி.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம் மிஸ்."

"கேட்டிருக்கணும்."

பஞ்சாலை பரவாயில்லை என்று சொல்லவில்லை. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். பத்தடி தள்ளி, வழியை மறித்துச் சாய்ந்து கிடந்த ஒரு முள்மட்டையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். பாலேஸ்வரி குனிந்து அடியில் புகுந்து வரும்வரை அதை விடவில்லை.