வாடகைக்குப் போன சான்றிதழ்

சாந்தினி படித்து வாங்கிய பாலர் பள்ளி ஆசிரியர் சான்றிதழ் கோலா கெத்திலில் வேலை பார்க்கிறது. சாந்தினி சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஆள் போகாமலே சம்பளம் வாங்குகிற ஒரே டீச்சர் என் பெண்டாட்டிதான் என்று அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

மூன்று வருடம் சனி ஞாயிறு பாராமல் படித்தாள். பதினெட்டாயிரம் வெள்ளி செலவு. அதில் பெரும்பகுதி படிப்புக் கடன். முடித்துவிட்டு வேலை கேட்டுப் போனால், எந்தப் பாலர் பள்ளியும் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் வாய் திறக்கவில்லை. தொழிற்சாலையில் ஓவர்டைம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு வரும். கடன் கட்ட வேண்டும், பாக்கார் ஆராங்கில் இருக்கிற வீட்டுக்கு வாடகை கட்ட வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாளே பழைய நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். சான்றிதழ் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

அப்போதுதான் உமையாள் டீச்சர் எங்களைத் தேடி வந்தார். கோலா கெத்திலில் பாலர் பள்ளி நடத்துகிறவர். அவரிடம் கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், சான்றிதழ் உள்ள ஆசிரியைதான் இல்லை.

"நீ வர வேணாம்மா, உன் சிஜில் வந்தா போதும். ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறேன். மாசம் நானூறு வெள்ளி தர்றேன்" என்றார்.

நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைமை அடியோடு நிறுத்தியிருந்த நேரம் அது. கார்த் தவணை இரண்டு மாதம் நின்றுபோயிருந்தது. வங்கியிலிருந்து போன் மேல் போன். இன்னும் ஒரு மாதம் விட்டால் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாந்தினி தயங்கினாள். நான்தான் அவள் காலைச் சுரண்டி, சரி சொல்லு என்று ஜாடை காட்டினேன். எட்டு மாதமாக அந்த நானூறு அப்படியே கார்த் தவணைக்குப் போகிறது.

பணம் நேரத்துக்கு வந்தது, தூக்கம்தான் போனது. அரசாங்க முத்திரை போட்ட கார் எங்கள் வீட்டு வரிசைக்குள் நுழைந்தால் ஜன்னல் திரையை இழுத்து மூடுவேன். மாட்டினால் என் பெயரா மாட்டும்? சாந்தினியின் பெயர்தான் சுவரில் தொங்குகிறது. படிப்பும் போய், கடன் மட்டும் மிஞ்சும். இதை நினைக்க நினைக்க எனக்கு உமையாள் டீச்சர்மேல் கோபம் வரும். பிறகு தவணைத் தேதி வரும், கோபம் போய்விடும்.

போன புதன்கிழமை காலையில் அந்தப் போன் வந்தது.

"இன்னிக்கு பள்ளியைச் சோதிக்க ஆபீசர் வர்றாங்களாம். சாந்தினியை உடனே கூட்டிட்டு வாங்க தம்பி. சேலை கட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார் உமையாள் டீச்சர்.

சாந்தினி அவசர விடுப்பு எடுத்தாள். நான் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த கண்ணோடு காரை எடுத்தேன். கோலா கெத்தில் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்தவும் முடியவில்லை. சாந்தினி சேலை முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"பிள்ளைங்க பேரு ஒன்னுகூடத் தெரியாதுங்க எனக்கு" என்றாள்.

"ஆபீசர் பேரையா கேக்கப் போறாங்க? கம்முனு சிரிச்சிக்கிட்டே நில்லுலா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அங்கே உண்மையில் பாடம் நடத்துகிறவள் வாசுகி என்ற பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருகிறாள். அவளுக்குச் சான்றிதழ் இல்லாததால், அன்று அவளுடைய வேஷம் சமையலறை உதவியாள். வகுப்பைச் சாந்தினியிடம் விட்டுவிட்டு, கையில் மைலோ தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் வாசலில் காலணி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். கம்பிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது.

அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். சுவரில் இருந்த சான்றிதழைப் படித்தார், சாந்தினியைப் பார்த்தார், எவ்வளவு நாளாக இங்கே வேலை என்று மலாயில் கேட்டார். சாந்தினி ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் அவிழ்ந்த சப்பாத்துக் கயிற்றோடு எழுந்து, சேலை கட்டிய டீச்சரைத் தாண்டி, நேராக வாசுகியிடம் போய்க் காலை நீட்டினான்.

அதிகாரி சிரித்துக்கொண்டே, "இந்தப் பையன் பேரு என்ன, சிக்கு?" என்று டீச்சர் என்ற முறையில் சாந்தினியைக் கேட்டார்.

சாந்தினி பையனின் சட்டையில் பெயர் ஏதும் தைத்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. நம்ம கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"டேய் திவாகர், டீச்சர்கிட்ட போ. அங்க போய்க் கட்டிக்க" என்று வாசுகி சத்தமாகச் சொன்னாள்.

"திவாகர்" என்றாள் சாந்தினி. குனிந்து அவன் கயிற்றைக் கட்டிவிட்டாள். அவசரத்தில் முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார், தீயணைப்புக் கருவியைப் பார்த்தார், மைலோ குடித்தார், போய்விட்டார். உமையாள் டீச்சர் எங்களுக்குக் கும்பிடு போட்டார். நான் போய் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துவிட்டேன்.

கிளம்பும்போது வாசுகி ஓடி வந்தாள். அன்று அரை நாள் விடுப்பாம், சுங்கைப்பட்டாணி வரை வரலாமா என்று கேட்டாள். மானத்தைக் காப்பாற்றிய பெண்ணை எப்படி வேண்டாம் என்பது? பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் நகர்ந்து வந்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். அந்த டிப்ளோமா எடுத்தா நல்லாருக்குமாக்கா? போட்ட காசு திரும்ப வருமா? இன்னிக்குத்தான் காலேஜ்ல விசாரிக்கலாம்னு போறேன்."

எனக்குப் பகீரென்றது. இவள் சான்றிதழ் வாங்கிவிட்டால் உமையாள் டீச்சருக்குச் சாந்தினியின் சான்றிதழ் எதற்கு? என் கார்த் தவணை பின் இருக்கையில் உட்கார்ந்து காலேஜுக்கு வழி கேட்கிறது. சாந்தினி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வேணாம்மா. அனுபவத்துல சொல்றேன். பதினெட்டாயிரம் ஆகும். மூனு வருஷம் லீவு நாளே கிடையாது. முடிச்சிட்டு வந்தாலும் அதே ஆயிரத்து எழுநூறுதான் குடுப்பானுங்க. உங்க அக்காவைப் பாரு, படிச்சிட்டு பேக்டரிக்குத்தானே போகுது? நீயும் பேக்டரிக்குப் போனா இப்பவே நல்ல காஜி, கைநிறையச் சம்பளம்."

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. பொய் சொல்லாமலே காரியம் நடக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. சாந்தினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன்.

"உனக்கு இப்ப அங்க எவ்ளோ குடுக்குறாங்க?" என்று வாசுகியைக் கேட்டாள்.

"கையில ஆயிரத்து முந்நூறுக்கா."

"ஆயிரத்து எழுநூறு இல்லையா?"

"பேசினது ஆயிரத்து எழுநூறுதான். நானூறு வெட்டிருவாங்க. சிஜில் வாடகைன்னு உமையாள் டீச்சர் சொன்னாங்க. உனக்கு சிஜில் இல்லாததுனாலதானே வெளிய எடுக்குறேன், அப்ப நீதானே கட்டணும்னு. எட்டு மாசமா வெட்டுறாங்க." கொஞ்சம் தயங்கினாள். "பேரைச் சுவத்துல பார்ப்பேன், யாருன்னு இன்னிக்குத்தான் தெரியும். அதான் அண்ணே, நீங்க சொன்ன கணக்குல அது வரல. நான் படிச்சிட்டா அந்த நானூறு எனக்கே நின்னுரும்ல?"

அவள் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே கணக்குச் சரிதானா என்று கேட்டாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. முதலாளியின் பணம் என்றுதான் எட்டு மாதமும் நினைத்திருந்தேன். முதலாளி தன் கையிலிருந்து கொடுப்பாரா என்று ஒரு நாளாவது யோசித்தேனா? யோசிக்காமல் இருப்பது சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

சாந்தினி இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு முழுசாகப் பின்னால் திரும்பினாள்.

"நீ போய் பதிஞ்சிரு. நீ முடிக்கிற வரைக்கும் என் சிஜில் அங்கயே இருக்கட்டும். இப்ப எடுத்தா பள்ளியை மூடிருவாங்க, உனக்கு வேலை போயிரும். அவங்க எனக்குப் போடுற நானூறை அன்னிக்கே உனக்குப் போட்டுர்றேன். ஃபீஸ் கட்டு."

"சாந்தினி" என்றேன். "கார்?"

"வித்துருவோம். நீங்க மோட்டார்ல போங்க."

"மறுபடி ஆபீசர் வந்தா? காசும் இல்லாம எதுக்கு நாம மாட்டணும்?"

"இத்தன நாளா காசுக்காக மாட்டத் தயாரா இருந்தோம்ல?" என்றாள். "பிள்ளைங்க பேரை மட்டும் எழுதி அனுப்பு வாசுகி. நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இவள் படித்து முடிக்க இன்னும் மூன்று வருடம் இதே பயம், அதுவும் சல்லிக் காசு வராத பயம். மழையில் மோட்டாரில் இரவு ஷிஃப்டுக்குப் போகிற என்னை நானே பார்த்துவிட்டேன். கத்திவிட வேண்டும் என்று கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் வாசுகி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கியரை மாற்றினேன்.

காலேஜ் இருந்த கடைவரிசையில் நிறுத்தினேன். அவள் இறங்கி, கதவு அடித்துவிடாதபடி மெதுவாகச் சாத்திவிட்டு, என் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள்.

"தேங்க்ஸ் அண்ணே, உங்க கார்ல ஏத்திட்டு வந்ததுக்கு" என்றாள்.

எட்டு மாதமாக அந்தக் காருக்குத் தவணை கட்டியவள் அவள்.