ஒயரைப் பிடுங்கிய மதியம்

2010-ம் வருட வசந்தம் முழுக்க, கலிபோர்னியாவின் சன்னிவேலில் இருந்த எங்கள் போன் கம்பெனியில் ஒரே சண்டைதான். இணையத்தில் இருக்கும் வீடியோக்களில் பாதி ஓட, ப்ளக்-இன் எனப்படும் ஒரு தனியார் கம்பெனியின் துணை மென்பொருள் வேண்டும். அதை நம் போனில் சேர்த்தே ஆகணும் என்பான் கிரேடி. எல்லாருக்கும் பொதுவான முறையிலேயே வீடியோ ஓடட்டும் என்பேன் நான்.

"உன் பொதுமுறை வளர்ந்து வர்றதுக்குள்ள நம்ம கடையையே மூடிடுவாங்க, ஹோலிஸ்," என்றான் கிரேடி அன்றும்.

"அதுக்காக அடுத்தவன் சாவிக்குக் காத்திருந்து நம்ம வீட்டுக்குள்ள நுழையணுமா?"

மேலாளர் லொரைன் எரிச்சலோடு எழுந்தார். கிரேடியின் மேசையில் அந்த ப்ளக்-இன் உதவியோடு பேஸ்பால் ஆட்டம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்த சோதனை போனிலிருந்து சார்ஜர் ஒயரைப் பிடுங்கினார்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. வெளிய டாக்கோ விக்கிற சாப்பாட்டு வண்டி வரிசையில நிக்கிறப்ப இதுல ஆட்டம் பாக்கறேன். வந்து முடிவு சொல்றேன்."

என்னால் உட்கார முடியவில்லை. கிரேடி பேனாவைத் திருகித் திருகி உடைத்தே விட்டான். எத்தனையோ பேருக்கு அந்த போனைக் காட்டியிருந்தோம், எப்போதும் ஒயரோடுதான்.

லொரைன் திரும்பி வந்தபோது போனைக் கை துடைக்கும் காகிதத்தில் சுற்றிப் பிடித்திருந்தார். திரை கறுத்துக் கிடந்தது.

"என் முறை வர்றதுக்குள்ள செத்துடுச்சு. கையில பிடிக்க முடியல, அவ்வளவு சூடு."

கிரேடி ஒயரை நீட்டினான். "சார்ஜ் போட்டா ஓடும்."

"வாங்கறவன் வீட்டை விட்டே வெளிய போக மாட்டானா, கிரேடி?"

நான் சிரிப்பை அடக்குவதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"சரி ஹோலிஸ், உன் பொதுமுறையில ஓடற போனைக் குடு. சாப்பிட்டுக்கிட்டே பாக்கறேன்."

என் மேசையைப் பார்த்தேன். அங்கிருந்த என் சோதனை போனும் ஒயரோடுதான் இருந்தது.