தார்யைக்குக் காய்ச்சிய பீர்

எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் தொட்டில் வாங்கியாச்சா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பீர் காய்ச்சியாச்சா என்றுதான் கேட்பார்கள். கடையில் வாங்கி வைத்துச் சமாளித்த வீடுகளும் உண்டு. அந்தக் கேவலத்தைப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறப்புக்கும் பீர், சாவுக்கும் பீர். நடுவில் இருக்கிறதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐவினுக்கு இதெல்லாம் புதிது. பெர்கன் நகரத்தில் அடுக்குமாடியில் வளர்ந்தவன். ரயில்பாதையில் சிக்னல் பழுது பார்க்கிற வேலை. சிங்னேயைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கு மேலே அவளுக்கு அப்பா விட்டுப்போன பண்ணைவீட்டில் குடியேறி நாலு வருடம்தான் ஆகிறது. குழந்தை மார்ச்சில் பிறக்கும் என்று டாக்டர் சொன்னதும் அவன் வீராப்பாக, "நானே காய்ச்சறேன்" என்று சொல்லிவிட்டான். அதுவரை அவன் காய்ச்சிய ஒரே பானம் காப்பி.

முளைகட்டிய பார்லி இரண்டு மூட்டை வாங்கினான். மூன்று வெப்பமானி வாங்கினான். ஜூனிபர் என்கிற ஊசியிலைப் புதரின் கிளைகளை வெட்டிவந்து பெரிய அண்டாவில் கொதிக்கவைத்ததில் வீடெல்லாம் காட்டு வாசனை. பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவனைப் போல இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நின்றான். வடிகட்டும்போது பாதி தரையில் ஓடியது. சிங்னே எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தரைக்கும் பிள்ளை பொறந்திருக்கு போல, நல்லா ஊத்து."

ஈஸ்ட் மட்டும் கடையில் வாங்குகிற சமாச்சாரம் இல்லை. பக்கத்துப் பண்ணை ஷூர் ஒரு கண்ணாடி ஜாடியில் கொண்டுவந்து கொடுத்தார். எழுபத்தெட்டு வயது, வாய் மட்டும் இருபது. கூடவே அவர் மனைவி போர்கில் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கோப்பைகளைக் கழுவி வைத்தார். அவர் எப்போதுமே அப்படித்தான். ஷூர் பேசுகிற பேச்சே இரண்டு பேருக்குப் போதும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

"ஈஸ்ட் குடுக்கறேன், பெர்கன்காரா. புத்தி குடுக்க மாட்டேன். என்கிட்ட இருக்கறதே கொஞ்சம்" என்றார் ஷூர். ஆனால் கொடுக்காமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. "கன்னுக்குட்டி குடிக்கிற பால் சூட்டுல இதை ஊத்து. கம்பளியைப் போத்தி அடுப்போரமா வை. இது குளிர் தாங்காது."

ஈஸ்டை ஊற்றும்போது பீப்பாய்க்குள் தலையைவிட்டு எல்லோரும் கத்தவேண்டும். கத்துகிற கத்தலுக்குத் தகுந்தபடிதான் பீர் வீரியமாக வரும். ஷூர் கத்தினார். ஐவின் வெட்கப்பட்டு ஒரு இருமல் இருமினான். சிங்னே வயிறு இடிக்க இடிக்கக் குனிந்து போட்ட கூச்சலில் வயிற்றுக்குள் இருந்தவன் திடுக்கிட்டு உதைத்தான். "பாரு, அவனும் கத்தறான்" என்று ஐவினின் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். அவனுக்கு தார்யை என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஷூர் படியிறங்கியதும் ஐவின் கைப்பேசியை எடுத்தான். அதில் ஒரு இங்கிலாந்துக்காரர் பீரைக் குளிர்ச்சியான இடத்தில்தான் புளிக்க விடவேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காய்ச்சுகிற பீர் வேறு, அவருடைய ஈஸ்ட் வேறு. அது இவனுக்கு எங்கே தெரியும்? படித்தவன் சொன்னதை நம்பினான், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை விட்டான். பீப்பாயைப் பனிக்கட்டி போல இருந்த நிலவறையில் இறக்கி வைத்தான். ஈஸ்ட் படுத்துத் தூங்கிவிட்டது. தினமும் போய் மூடியில் செருகியிருந்த குழாயில் குமிழி விடுகிறதா என்று காது வைத்துப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை.

எட்டாம் நாள் காலையில் சிங்னே அதே வார்த்தையைச் சொன்னாள். "சத்தமே இல்ல, ஐவின். நேத்துலேர்ந்து அசையவே இல்ல."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கருவியை வயிற்றின் மேல் அங்கே வைத்தாள், இங்கே வைத்தாள். பிறகு டாக்டரைக் கூப்பிடப் போனாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தாறு வாரம் வயிற்றில் இருந்தவன் மறுநாள் மத்தியானம் பிறந்தான். நிறைய முடி, சிங்னேயின் மோவாய், ஐவினின் நீளக் கால் விரல்கள். அழவில்லை.

யாரையும் கூப்பிட வேண்டாம் என்று முடிவெடுத்தது ஐவின்தான். கல்லறையில் பாதிரியார், அவர்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். வெள்ளைப் பெட்டியை ஐவினே தூக்கினான். வேலைக்குத் தூக்கிப்போகிற அவனுடைய கருவிப் பெட்டி அதைவிடக் கனமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு சிங்னே குளிருது, குளிருது என்றாள். அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடங்கவில்லை. ஐவின் எல்லா அடுப்பையும் மூட்டினான். நிலவறையில் பல வருடமாகப் பற்றவைக்காத கொதிகலனில்கூட விறகை அடைத்துக் கொளுத்தினான். அவளுக்காக வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. விறகு பிளப்பது மட்டும் தெரிந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தரைக்குக் கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. பொளக். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி பொளக். சாயங்காலத்துக்குள் அது நிற்காத சத்தமாகிவிட்டது. நிலவறை சூடேறியதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, பதினைந்து நாள் தூங்கியதற்கும் சேர்த்து வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. அந்த ஈஸ்டுக்கே உரிய ஆரஞ்சுத் தோல் வாசனை படியேறி, கூடத்துக்கு வந்து, மூடி வைத்திருந்த குழந்தை அறைக்குள்ளும் போனது. குழந்தை பிறந்த வீட்டின் வாசனை அதுதான் என்று இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

ஐவின் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அப்புறம் கீழே போய் மூடியைத் திறந்து, ஒரு வாளி மொண்டு, வெளியே பனியில் கொட்டப் போனான். வாசற்படியில் சிங்னே நின்றாள்.

"எங்க கொண்டுபோற?"

"கொட்டப் போறேன். இந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

"அது உன்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"தார்யையோடது. அவனுக்குத்தானே காய்ச்சின?"

"சிங்னே... அவன் இல்லம்மா."

"இல்லாதவங்களுக்கும்தான் இங்க ஊத்தறாங்க!" அவள் குரல் உடைந்தது. "மேட்டு வீட்டு நீல்ஸ் செத்தப்போ ஊரே வந்து குடிச்சுது. வாழ்நாள் பூரா ஒரு மனுஷனுக்கு நல்லது செய்யாத ஆளு. அவனுக்கு ஒரு பீப்பாய் தீந்துச்சு. என் புள்ளைக்கு என்ன பண்ணோம்? திருடன் மாதிரி கொண்டுபோய்ப் புதைச்சிட்டு வந்தோம். கடையில என்னைப் பார்த்தா, முகத்தைப் பார்க்காம இருக்க, பால் பாக்கெட்டைப் படிக்க ஆரம்பிச்சிடறாங்க. ஒருத்தராவது அவன் பேரைச் சொன்னாங்களா? நீ சொன்னியா?"

ஐவின் வாளியோடு நின்றான். அவள் சொன்னது நிஜம். பாதிரியார் பேர் கேட்டபோதுகூட அவன் காகிதத்தில்தான் எழுதிக் காட்டியிருந்தான்.

"வருவாங்களான்னு தெரியலையே" என்றான் மெதுவாக. அவனுடைய பயம் அதுதான். யாரும் வராமல் போனால், வரிசையாக நாற்காலி போட்டுவிட்டு இவள் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குப் பிறகு இவளை மீட்கவே முடியாது என்று தோன்றியது.

"வராட்டி நான் ஒருத்தியே குடிக்கறேன்" என்றாள் சிங்னே.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்று ஐவின் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் "எங்க பையனுக்கு" என்று மட்டும் சொன்னான். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் ஏரியைப் பார்த்தார்கள். போர்கில் கதவைத் திறந்து, அவன் சொன்னதைக் கேட்டு, வெகுநேரம் அவனையே பார்த்தார். "வரோம்" என்றார்.

மூன்று மணிக்கு ஒருவரும் இல்லை. மூன்றே கால் வரைக்கும் சிங்னே மேஜைத் துணியை நீவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாசலில் காலணிப் பனியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஷூரும் போர்கிலும். பின்னாலேயே தபால்காரர் வீட்டார், கீழ்ப் பண்ணைச் சகோதரிகள், ஐவினோடு வேலை பார்க்கிற இரண்டு பேர். எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சியும் தட்டை ரொட்டியும் இருந்தன. யாரும் தொடவில்லை.

வழக்கப்படி வீட்டுக்காரர் எழுந்து, மரக் கிண்ணத்தை ஏந்தி, போனவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும். ஐவின் எழுந்தான். எண்பது வயதில் போனவர் என்றால் சொல்லலாம், நல்ல மரவேலைக்காரர், முன்கோபி என்று. மூச்சே விடாதவனைப் பற்றி என்ன சொல்வது? கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றான்.

சிங்னே உட்கார்ந்தபடியே ஆரம்பித்தாள்.

"ரேடியோ போட்டா உதைப்பான். அதுவும் செய்தி வாசிச்சா போதும், அவ்வளவு கோவம். புளிக்க வச்ச மீன் சாப்பிட்டா அவனுக்கு விக்கல் வரும், என் வயிறே குலுங்கும். கீழ ரயில் போனா மட்டும் அசையாம கேப்பான். அப்பாவோட ரயில்னு நான் சொல்லிக் குடுத்திருந்தேன்."

ஐவினுக்கு இது தெரியாது. அவளிடம் கேட்டதே இல்லை. கண்ணீர் தாடையில் இறங்க, துடைக்கக் கை இல்லாமல், "தார்யை" என்றான். முதல் தடவையாகச் சொன்னான். "எங்க பையன் தார்யைக்கு."

எட்டுப் பேரும் எழுந்து தார்யைக்கு என்று சொல்லிக் குடித்தார்கள்.

பீர் படுமோசமாக இருந்தது. குளிரில் கிடந்து புளித்து, கொதிகலன் பக்கம் வெந்து, குடிக்கிறவர்களின் முகம் தானாகச் சுளித்தது. இரக்கப்பட்டு மடக்கு மடக்காக விழுங்கினார்கள். அந்த இரக்கம்தான் ஐவினுக்குத் தாங்கவில்லை.

"ஐவின்" என்றார் ஷூர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "அறுபது வருஷமா பீர் குடிக்கறேன்பா. இந்த மாதிரி ஒரு கண்றாவியைக் குடிச்சதே இல்ல."

முதலில் சிரித்தது சிங்னேதான். சிரிப்பும் அழுகையும் பிரியாமல் வந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ரொட்டித் தட்டு கை மாறியது. மனிதர் வீட்டில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆனது.

அப்போது போர்கில் தன் கிண்ணத்தை நீட்டினார். "எனக்கு இன்னொண்ணு ஊத்து, ஐவின்."

"வேணாம், விட்டுடுங்க. மரியாதைக்காகக் குடிக்காதீங்க."

"மரியாதைக்கு இல்ல. இது என் பொண்ணுக்கு."

ஷூரின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. அவர்களுக்குப் பிள்ளைகளே கிடையாது என்றுதான் ஊருக்குத் தெரியும்.

"அம்பத்திரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் போர்கில், மேஜையைப் பார்த்துக்கொண்டே. "ஒரு துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பார்க்க விடல. பொண்ணுன்னு ஒரு நர்ஸ் காதுல சொன்னா. மறந்துடு, சீக்கிரம் இன்னொண்ணு பொறக்கும்னாங்க. பொறக்கல. ஸூனிவான்னு பேரு வச்சேன்."

"பேரு வச்சியா?" ஷூரின் குரல் காற்றாக வந்தது. "எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கல."

ஷூர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார். "அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

போர்கில் திரும்பினார்.

"அன்னிக்கு ஒரு கிழவியை அடக்கம் பண்ணாங்க. ஆஸ்தா, தையல்காரி. நம்ம குழந்தையை அவ பெட்டியில, கால் பக்கத்துல வச்சிட்டேன்னு வெட்டியான் சொன்னான். உங்கிட்ட சொல்லக்கூடாது, நீ தாங்கமாட்டேன்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"தையல்காரி ஆஸ்தா" என்றார் போர்கில். "சர்ச்சுக்குப் போற பாதையோரக் கல்லு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அதுமேலதான் பையை வச்சிட்டு செருப்புக் கயிறு கட்டறேன்."

சிங்னே எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று, ஐவினிடம் தலையை அசைத்தாள். ஐவின் அந்த மோசமான பீரை அவர் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றினான். அவரிடமிருந்து நகராமலே மற்ற கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக வாங்கி நிரப்பினான். எல்லோரும் மறுபடி எழுந்தார்கள்.

"ஸூனிவாவுக்கு" என்றாள் சிங்னே. தபால்காரர் சொன்னார். சகோதரிகள் சொன்னார்கள். ஐவின் சொன்னான்.

ஷூர் உதட்டைக் குவித்தார், முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். போர்கில் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, குடிக்காமல், அவர் அந்தப் பேரைச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.