மாமாவுக்குத் தனி லிங்க்

கலையரசி வெப் டிசைன் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது போன மாதம்தான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில். கோடிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கட்டங்களை மவுஸால் இழுத்து வைத்தால் பக்கம் தயார் என்று காட்டிக்கொடுத்தார்கள். அது போதாதா அவளுக்கு? அக்கா வேணியின் கல்யாணத்துக்கு வெப்சைட் போடப்போவதாகத் தன் ஊரான கோலியனூர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

அந்த வீட்டில் பேனர் போடுவதே ஒரு யுத்தம். பெரியப்பா அப்பாதுரைக்கும் தாய்மாமன் சின்னக்கண்ணுவுக்கும் ஏழாம் பொருத்தம். முன்பு ஒரு காதுகுத்து பேனரில் மாமாவின் தலை கொஞ்சம் சிறுத்துப்போனதற்கு, மனுஷன் பிரியாணியைத் தொடாமல் திண்டிவனத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

அதனால் கலையரசி உஷாராகத்தான் செய்தாள். உச்சியில் பெரிதாக வேணியும் மாப்பிள்ளையும். அதற்குக் கீழே இடப்பக்கம் பெரியப்பா, வலப்பக்கம் மாமா, ஒரே அளவு, ஒரே உயரம். சென்டரின் பெரிய ஸ்கிரீனில் இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். நிஜத்தில் நடக்காததை நடத்திவிட்ட பெருமையோடு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைத் தட்டிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போதே போன் அலறியது. மாமா.

"இன்னாடி கலை, உங்க பெரியப்பன் காலுக்குக் கீழ என்னையப் போட்டு வெச்சிருக்க?"

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான மாமா இருக்கீங்க?"

"எங்கடி பக்கத்துல? அவன் மேல ஜம்முனு குந்திக்கினு இருக்கான், நான் அடியில கெடக்குறேன். கல்யாணத்துக்கு நான் வரல. மாலைய அவனையே எடுத்துக் குடுக்கச் சொல்லு!"

அவள் தன் போனில் திறந்து பார்த்தாள். சின்ன ஸ்கிரீனில் இடம் போதாமல், பக்கத்தில் நின்ற கட்டம் கீழே இறங்கிவிட்டிருந்தது. போனில் எப்படித் தெரியும் என்று அவள் பார்க்கவே இல்லை. ஆனால் சொந்தபந்தத்தில் யார் கம்ப்யூட்டரில் பார்க்கப்போகிறார்கள்?

வீட்டில் அம்மா ஒரே அழுகை. "தாய்மாமன் மாலை குடுக்காம எம்பொண்ண எப்டிடி மணையில குந்த வெக்கிறது? உன்னால எல்லாம் பேஜாரு."

கலையரசிக்கும் அழுகை வந்தது. அக்காவின் கல்யாணத்தைத் தானே கெடுத்துவிட்டோமே என்று நிஜமாகவே பயந்தாள். மாமாவை மேலே ஏற்றினால் பெரியப்பா முறுக்கிக்கொள்வார். யோசித்துக்கொண்டே இருந்தவளுக்கு மெல்ல ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது.

குரூப்பில் போட்டதை அழித்தாள். பக்கத்தை அப்படியே இரண்டாக்கினாள். ஒன்றில் உச்சியில் இருந்த பெரிய இடத்தை மாமாவுக்கே கொடுத்தாள், இன்னொன்றில் பெரியப்பாவுக்கு. ஆளுக்கொரு லிங்க், தனித்தனியாக அனுப்பினாள். லிங்க் கேட்ட மற்றவர்களுக்கு, "சர்வர் டவுன்."

"இப்பதான்டி சரியா செஞ்சிருக்க" என்று மாமா போன் செய்தார்.

கல்யாணம் திண்டிவனத்தில். மண்டபத்தில் மாமா போனை நீட்டிக்கொண்டு பெரியப்பாவிடம் போவதைக் கலையரசி தூரத்திலிருந்து பார்த்தாள். பெரியப்பாவும் போனை எடுத்தார். இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில். தொலைந்தோம் என்று அவள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

மாமா தேடிக்கொண்டு வந்து காதோரம் குனிந்தார். "உங்க பெரியப்பன சமாதானம் பண்ண டூப்ளிகேட் ஒண்ணு போட்டுக் குடுத்திருக்க, அதான? நான் வாயத் தொறக்க மாட்டேன், போ."

அவர் நகர்ந்ததும் பெரியப்பா வந்தார். "பாவம் உங்க மாமன், டூப்ளிகேட்ட ஒரிஜினல்னு நம்பிக்கினு கீறான். சொல்லிடாத."

கலையரசி பெரிய மூச்சு விட்டாள். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மணமகள் அறையிலிருந்து வேணி கூப்பிட்டாள். யாரோ காட்டிய போன் அவள் கையில் இருந்தது. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஏண்டி, எங்க ரெண்டு பேரையும் எங்கடி காணோம்?"

கலையரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கல்யாணம் முடிஞ்சதும் சரி பண்ணிட்றேன்க்கா" என்று சமாளித்தாள்.

மேடையில் மாமாதான் மாலையைத் தூக்கினார். பெரியப்பா ஓடிவந்து இன்னொரு நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "கொஞ்சம் தள்ளுங்க சார், பொண்ணு தெரியல" என்று போட்டோக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். இருவரும் தோளோடு தோள் உரசியபடி கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள்.